என் எண்ணில் இரண்டு பிள்ளைகள்

திரையில் என் மகளின் ரத்தம் நன்றாக இருந்தது. பிளேட்லெட் இருநூற்றுப் பதினான்கு. வார்டு மேசையில் உட்கார்ந்திருந்த இளம் மிஸி கணினியை என் பக்கம் திருப்பி, "பாருங்க ஆண்ட்டி, சூப்பரா ஏறிடுச்சு" என்றாள். எங்கள் ஊரில் தாதியை மிஸி என்றுதான் சொல்வோம்.

நான் பார்த்தேன். அந்தக் காலைப் பொழுதில் மறுபடியும் மறுபடியும் அவளைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தேன். நல்ல சேதி என்றால் ஒரு முறையோடு நிறுத்த எனக்குத் தெரியாது. அதற்குப் பின்னால் கெட்டது ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருப்பேன். அன்று நான் அப்படிப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தப் பொய் அரை மணி நேரத்தில் தானாகச் செத்திருக்கும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பொய்க்கு உயிர் கொடுத்தவளும் நான்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாயிரத்துக்கு முந்திய ஆண்டு அது. மலாக்கா பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய சிறிய கம்பெனியில் நான் புரோகிராமர். அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிய அம்மாவின் சம்பளத்தில் படித்து, நாற்பது வயதில் ஜாவா கற்றுக்கொண்டவள். ஊரிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு நாங்கள் ஒரு சிஸ்டம் செய்து கொடுத்திருந்தோம். எந்த வார்டிலிருந்தும் நோயாளியின் விவரத்தைக் கணினியில் பார்க்கலாம். அப்போது எல்லோருக்கும் ஒரே பயம்தான். ஆண்டு பிறக்கும் நிமிடத்தில் கணினிகள் எல்லாம் குழம்பிப் போகும் என்ற பயம். மருத்துவமனை நிர்வாகியும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்பார். அந்த விஷயத்தில் எங்கள் சிஸ்டத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அது உண்மையும்கூட.

அந்தப் பக்கத்தை நாங்கள் பெட்டி பெட்டியாகக் கட்டியிருந்தோம். பெயருக்கு ஒரு பெட்டி, படுக்கைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கித் தன்னை வரைந்துகொள்ளும். இதற்கான அடிப்படையை ஜாவாவில் நானே எழுதினேன். மற்ற பெட்டிகள் உடனே வந்துவிடும். ரத்தப் பெட்டி மட்டும் லேப்பிலிருந்த பழைய மெஷினிடம் கேட்டு வாங்க வேண்டும். ஏழெட்டு விநாடி ஆகும். டாக்டர்கள் முனகினார்கள். அதனால் அதற்கு ஒரு கேஷ் வைத்தேன். ஒரு முறை வாங்கிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை கேட்டால் லேப்பிடம் போகாமல் அதையே கொடுப்பது. சாப்பாட்டுக் கடையில் நாள்தோறும் வருகிறவர் உட்கார்ந்ததுமே, என்ன வேண்டும் என்று கேட்காமல் அவருடைய தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பார்களே, அது மாதிரி. அரை மணி நேரம் யாரும் அந்தப் பதிலைத் தொடவில்லை என்றால் அது அழிந்துவிடும். யாராவது பார்த்தால் அந்த நிமிடத்திலிருந்து இன்னும் அரை மணி நேரம் ஆயுள். அடிக்கடி பார்க்கப்படுவதைக் கையருகே வைத்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

என் மகள் மருத்துவமனையில் சேர்வதற்கு மூன்று வாரம் முன்பே எனக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. பிள்ளைகள் வார்டில் ஒரு மூத்த மிஸி இருந்தார். தோட்டத்தில் வளர்ந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் ஆபீசுக்கே போன் செய்தார். வீட்டுக் குழாய் ரிப்பேரைச் சொல்வதுபோல சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"மா, உங்க கம்ப்யூட்டர் பொய் சொல்லுது."

"என்னக்கா சொல்றீங்க?"

"தோட்டத்துலேருந்து ஒரு அம்மா ரெண்டு பிள்ளையோட வந்திருக்கு. ரெண்டுக்கும் காய்ச்சல். கம்ப்யூட்டர் ரெண்டுக்கும் ஒரே நம்பரைக் காட்டுது. லேப்புக்குப் போன் பண்ணா வேற நம்பர் சொல்றாங்க. சரி, திரும்பப் போய்ப் பார்ப்போம்னு சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா, கம்ப்யூட்டரும் லேப் சொன்னதையே சொல்லுது. பேய் புடிச்ச மாதிரி இருக்குலா."

நான் சிரித்துவிட்டேன். "ஒரு பிள்ளையைத் திறக்கிறதுக்கு இன்னொரு பிள்ளையைத் திறந்திருப்பீங்க அக்கா. ரெண்டு பேரும் ஒரே அம்மா பேர்லதானே இருப்பாங்க?"

"முப்பது வருஷமா பிள்ளைங்களைப் பார்க்கிறேன். எது எந்தப் பிள்ளைனு எனக்குத் தெரியாதா?" என்று போனை வைத்துவிட்டார்.

அரை நாள் சோதித்தேன். என்னிடம் பன்னிரண்டு பொய் நோயாளிகள் இருந்தார்கள். சோதனைக்காக நானே உருவாக்கியவர்கள். ஒவ்வொருவரையும் திறந்து மூடித் திறந்தேன். எல்லாம் சரியாக வந்தது. 'பயனர் தவறு' என்று அறிக்கை எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். வார்டுகளில் இன்னும் சில மிஸிகள் லேப்புக்குப் போன் செய்து ரத்த அளவைச் சின்ன நோட்டில் எழுதி வைக்கிறார்கள், இரண்டு இடத்தில் எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது, நோட்டை நிறுத்திவிட்டால் நல்லது என்று ஒரு வரி சேர்த்தேன். நிர்வாகி மறுநாளே நோட்டை நிறுத்தினார்.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாததால் கூட்டிப்போனோம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் "ஐசி எமாக்" என்று கையை நீட்டினாள். அம்மாவின் அடையாள அட்டை. பன்னிரண்டு வயது ஆகும்வரை பிள்ளைகளுக்கு ஐசி கிடையாது. சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புச் சான்றிதழில், ஓர் எண் இருக்கும். ஆனால் அந்தப் பெரிய தாளை யார் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள்? அதனால் பள்ளிக்கூடமானாலும் கிளினிக்கானாலும் பிள்ளைகள் அம்மாவின் எண்ணில்தான் நடமாடுவார்கள். நான் அட்டையைக் கொடுத்தேன். அவள் என் எண்ணைத் தட்டினாள். அது எனக்கு மிகச் சாதாரணமான காரியமாக இருந்தது.

டிங்கிக் காய்ச்சல், அதாவது டெங்கு, என்றார்கள். முதல் நாள் பிளேட்லெட் நூற்று முப்பது, மறுநாள் நூற்று நான்கு. ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் அவை; ஆயிரக் கணக்கில் எண்ணுவார்கள், நூற்றைம்பதுக்குக் குறையக் கூடாது. குறைந்துகொண்டே போனால் உள்ளே எங்கே வேண்டுமானாலும் கசியும். வார்டு டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர், நிதானமாகப் பேசுவார். "காய்ச்சல் நிண்டவுடனை சந்தோசப்படக் கூடாது அம்மா. இந்தக் காய்ச்சல் வருத்தத்திலை அப்பதான் கவனம் வேணும். ரத்தம் ஏறுதா இறங்குதா எண்டு பாத்துத்தான் சொல்லுவன்" என்றார்.

மூன்றாம் நாள் காலை மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தாள்.

"அம்மா, பிரஷ்ல கொஞ்சம் பிங்க்கா இருந்துச்சு."

"அழுத்தித் தேய்ச்சிருப்பே."

"இல்லமா, மெதுவாத்தான் தேய்ச்சேன். இன்னைக்கு வீட்டுக்குப் போலாம்தானே?"

அதே காலையில் வீட்டிலிருந்து என் கணவர் எட்டு வயது மகனைக் கூட்டிவந்திருந்தார். பையனுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. ஒன்றுமில்லை, வெயிலில் பந்து விளையாடியிருப்பான் என்று கணவர் சொல்லச் சொல்ல, நான் கேட்காமல் கீழே வெளிநோயாளிப் பகுதிக்கு இழுத்துப்போய் ரத்தம் எடுக்க வைத்தேன். அங்கேயும் என் ஐசிதான். முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அவர்கள் கொடுத்த தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு பாரம் இறங்கியவளாக மேலே போனேன். போன கையோடு இளம் மிஸியிடம் மகளின் முடிவு வந்துவிட்டதா என்று கேட்டேன். அவள் திறந்து காட்டினாள். இருநூற்றுப் பதினான்கு.

பிரஷ்ஷில் இருந்த பிங்க் நிறம் என் மனத்திலிருந்து அந்த நொடியே போய்விட்டது. என் மகள் வாயால் சொன்னதை விட்டுவிட்டு, நான் எழுதிய பெட்டி சொன்னதை நம்பினேன்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். திரையைப் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார், மகளின் நாடியைப் பிடித்தார். "நூற்றிநாலிலையிருந்து இவ்வளவு கெதியாவோ?" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். நான் அவருக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். "சின்னப் பிள்ளையள்தானே, தேறிவிடுவினம். பின்னேரம் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அதற்குப் பிறகும் நான் இரண்டு முறை திரையைப் பார்த்தேன்.

மதியம் ஒரு மணிக்கு மேல் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். சோர்வாக இருப்பதாகச் சொன்னாள். வயிறு வலிக்கிறது என்றாள். பசி என்று நினைத்தேன். வீட்டில் கொண்டுபோய்க் காட்ட காலையில் இளம் மிஸி அச்சடித்துக் கொடுத்த தாளைப் பிளாஸ்டிக் கோப்பில் வைக்கும்போது, மகனின் தாளையும் அதோடு சேர்த்து வைக்கலாம் என்று கைப்பையிலிருந்து எடுத்து விரித்தேன்.

பிளேட்லெட் இருநூற்றுப் பதினான்கு.

தற்செயல் என்று நினைக்கத்தான் மனம் ஓடியது. அடுத்த வரியைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி ஆறு. இதிலும் பன்னிரண்டு புள்ளி ஆறு. வெள்ளை அணு அதே எண். அதற்கடுத்தது அதே எண். ஆறு வரி. ஆறும் ஒன்று. ஒரே வயிற்றில் பிறந்திருந்தாலும் இரண்டு உடம்பில் அப்படி ஓடாது. மேலே பெயர் அவளுடையது. கீழே ரத்தம் அவனுடையது.

மேசைக்கு ஓடினேன். மதிய ஷிப்டுக்கு மூத்த மிஸி வந்து கைப்பையை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தாளையும் அவர் முன்னால் போட்டேன். அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெத்தவங்களே தப்பான பிள்ளையைத் திறந்துட்டீங்களா மா?"

அந்தச் சொல் எனக்குத் தகும். சொல்லிக்கொண்டே அவர் போனை எடுத்து லேப்பைக் கூப்பிட்டிருந்தார். கைப்பைக்குள் கையை விட்டுச் சின்ன நோட்டை எடுத்தார். நான் நிறுத்தச் சொன்ன நோட்டு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு எழுதினார். எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். இருபத்தெட்டு.

"எப்ப வந்துச்சு இது?" என்று லேப்பைக் கேட்டார். "ஒம்போது மணிக்கேவா?" போனை வைத்தார். "மா, பிள்ளையை எழுப்பாதீங்க. நடக்க விடாதீங்க. நான் டாக்டரைக் கூப்பிடுறேன்."

பதினைந்து நிமிடத்தில் மகளைக் கண்ணாடி போட்ட அறைக்கு மாற்றினார்கள். இரண்டு கையிலும் ஊசி. டாக்டர் அவளுடைய வயிற்றை அழுத்திப் பார்த்தபோது அவள் முகம் சுருங்கியது. ஈறின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. காலையில் நான் பார்க்க மறுத்தது.

அப்போதுதான் எனக்கு இரண்டாவது பயம் வந்தது. அந்த வார்டில் இன்னும் பதினேழு கட்டில்கள் இருந்தன.

நிர்வாகியிடம் போய் ரத்தப் பெட்டியை உடனே மூட வேண்டும் என்றேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, என் அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார். பயனர் தவறு. கீழே என் கையெழுத்து. எது தவறு, ஏன் தவறு என்று சொல்லுங்கள், மூடுகிறேன். காரணம் தெரியாமல் முழு மருத்துவமனையையும் என்னால் நிறுத்த முடியாது என்றார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கணினி அறை கீழ்மாடியில் இருந்தது. படியில் இறங்கும்போது கணவர் பின்னாலேயே வந்தார். பள்ளி ஆசிரியர் அவர். குரலை உயர்த்துகிறவர் இல்லை.

"அவ உன்னைத்தான் கேட்கிறா. நீ மெஷினைப் பார்க்கப் போறே."

"மிஸி அக்கா அவகூட இருக்காங்க. மத்த பிள்ளைங்களுக்கு யார் இருக்கா?"

"அதை நீ முன்னாடியே நினைச்சிருக்கணும்" என்றார். அதன் பிறகு இத்தனை ஆண்டுகளில் அந்த வாக்கியத்தை அவர் திரும்பச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அறையில் குளிர் அதிகம். வெளியே மழை பிடித்துக்கொண்டது ஜன்னலில்லாத அந்த அறையிலும் கேட்டது. முதலில் என் பன்னிரண்டு பொய் நோயாளிகளைத் திறந்தேன். எல்லாம் சரி. ஒவ்வொன்றும் அதனதன் ரத்தத்தைக் காட்டியது. அவர்கள் மீது எனக்கு வெறுப்பே வந்தது. சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட விட்டேன். மகளின் பக்கத்தைத் திறந்தேன். இருபத்தெட்டு. சரியான எண்.

அது என்னை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. நிறுத்தி ஓட்டினால் சரியாகிவிடும் பிழை போய்விட்ட பிழை அல்ல. அது உள்ளே எங்கேயோ பதுங்கிக்கொண்டு, நான் அறையை விட்டு வெளியே போவதற்காகக் காத்திருக்கிறது.

காலையில் நடந்ததை நடந்த வரிசையிலேயே நடத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் யாருடைய தாள் திறக்கப்பட்டது? மகனுடையது, கீழே வெளிநோயாளிப் பகுதியில். பிறகு மகளுடையது, மேலே வார்டில். மறுபடியும் சர்வரை நிறுத்தி ஓட விட்டேன். தேடும் கட்டத்தில் மகனைத் தேட எண்ணைத் தட்டினேன். விரல்களுக்குப் பழகிய எண், பார்க்காமலேயே தட்டலாம். என் ஐசி எண். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன, ஒன்றன் கீழ் ஒன்றாக.

என் கை சுட்டியின் மேலேயே நின்றுவிட்டது. அந்த இரண்டு பெயரையும் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் செய்து பார்த்தேன். மகனைத் திறந்தேன்: இருநூற்றுப் பதினான்கு. மூடிவிட்டு மகளைத் திறந்தேன்: இருநூற்றுப் பதினான்கு. நிறுத்தி ஓட்டி, இந்த முறை மகளை முதலில் திறந்தேன்: இருபத்தெட்டு. பிறகு மகனை. மாடியில் ரொட்டி தின்றுகொண்டு கால் ஆட்டியபடி உட்கார்ந்திருந்த மகனின் பெயருக்குக் கீழே இருபத்தெட்டு என்று வந்தது. பொய் என்று தெரிந்தும் எழுந்து போய் அவனைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

புரோகிராமைத் திறந்தேன். கேஷில் ஒரு பதிலை வைக்கும்போது அது யாருடையது என்று ஒரு சாவி போட வேண்டும். நான் ஐசி எண்ணைச் சாவியாகப் போட்டிருந்தேன். அதற்கு மேல் ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன்: ஒருவருக்கு ஓர் எண். மருத்துவமனை ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பதிவு எண் கொடுத்திருந்தது, பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும்கூட. அதைப் போட்டிருக்கலாம். லேப்பில் எல்லாம் அந்த எண்ணில்தான், சரியாகத்தான், இருந்தது. என் பெட்டி மட்டும் மேசை எண்ணை வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தது. ஒரே மேசையில் இரண்டு பேர் உட்கார்வார்கள் என்று நினைக்கவில்லை.

என் பன்னிரண்டு பொய் நோயாளிகளில் ஒரு பிள்ளைகூட இல்லை. பன்னிரண்டு பேரும் ஐசி வைத்திருக்கும் பெரியவர்கள். இரண்டு பிள்ளை பெற்று, இருவரையும் என் எண்ணில் பள்ளியிலும் கிளினிக்கிலும் பதிந்து வைத்திருந்த நான், ஒரு பிள்ளையை உருவாக்க மறந்திருந்தேன்.

ஆயுளையும் சோதித்தேன். அரை மணி நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தேன். தொடாமல் விட்டால் ஒரு நிமிடத்தில் பொய் அழிந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அழியவே இல்லை. மூத்த மிஸி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பேய் இறங்கியது ஏன் என்று தெரிந்தது. காலை முழுவதும் நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அது இறங்கவில்லை என்றும் தெரிந்தது.

திருத்துவதற்கு ஒரே வரி போதும். ஐசி எண்ணுக்குப் பதில் பதிவு எண். ஆனால் நான் அதைச் செய்யவில்லை. ரத்தப் பெட்டியிலிருந்து கேஷையே பிடுங்கி எறிந்தேன். பக்கம் பழையபடி ஏழெட்டு விநாடி எடுத்தது. அதற்குப் பிறகு ஒரு டாக்டரும் முனகவில்லை. நிர்வாகியிடம் எழுதிக் கொடுத்த புதிய கடிதத்தில், வார்டு நோட்டை உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதினேன்.

மேலே போனபோது ஐந்து மணி. மகளின் உதட்டில் பஞ்சு வைத்திருந்தார்கள். "எங்கமா போனே?" என்றாள். "கம்ப்யூட்டரை அடிக்கப் போனாங்க உங்கம்மா" என்றார் மூத்த மிஸி. "நல்லா நாலு அடி கொடுத்துட்டாங்க, இனிமே பொய் சொல்லாது." மகள் சிரிக்கப் பார்த்தாள். நான் அந்த மிஸியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, "அழுவுறதுனா வெளிய போய் அழுங்கமா, பிள்ளை பார்க்குது" என்றார்.

மறுநாள் பத்தொன்பதுவரை இறங்கியது. அதற்கடுத்த நாள் அங்கேயே நின்றது. பிறகு ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு எண்ணையும் மிஸி நோட்டில் எழுதி, அதே பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை.

மகள் வீட்டுக்கு வந்த வாரம், சர்வர் எழுதி வைத்திருந்த பதிவேட்டை அச்சடித்து எடுத்துவந்தேன். எந்தப் பக்கம் எந்த நேரத்தில் திறக்கப்பட்டது என்று அதில் வரி வரியாக இருக்கும். யாரும் கேட்கவில்லை. ஒரே ஐசி எண்ணில் இரண்டு பதிவு எண்கள் அரை மணி நேரத்துக்குள் திறக்கப்பட்ட இடங்களை எல்லாம் பென்சிலால் கோடிட்டேன். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் சளி, இருமல். ஒன்றில் மட்டும் நின்றேன். மூத்த மிஸி போனில் சொன்ன அதே தோட்டத்து அம்மா. அந்த முதல் நாள் மிஸி லேப்பைக் கேட்டுவிட்டதால் தப்பித்த பிள்ளைகள், ஆறு நாள் கழித்து மறுபடியும் வந்திருந்தார்கள். அப்போது நோட்டு இல்லை. அன்று மூத்த மிஸிக்கு விடுமுறை. பெரியவனின் பக்கம் முதலில் திறக்கப்பட்டிருந்தது. பிறகு சின்னதின் பக்கம், திரும்பத் திரும்ப, ஏழு முறை. யாரோ ஓர் அம்மா மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்று மாலையே சின்னதை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். லேப்பில் இருந்த உண்மையான எண் முப்பத்தொன்று. பதிவேட்டில் அந்த ஐசி எண் அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு காரில் போனேன். அலோர் காஜாவைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலை. நான் பிறந்த தோட்டத்திலிருந்து அதிக தூரமில்லை. தோட்டத்தை விற்றுவிட்டிருந்தார்கள்; வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று பலகை நின்றது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதிக்கு ஜன்னல்களைக் கழற்றியிருந்தார்கள். ஒரு வாசலில் மட்டும் ஓர் அம்மா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். ஆளைச் சொல்லி, ரெண்டு பிள்ளைகள் என்று சொல்லி விசாரித்தேன்.

"அவங்களா? போயிட்டாங்களே. ஜொகூர் பக்கம் பேக்டரி வேலைனு லாரியில சாமான் ஏத்திக்கிட்டுப் போனாங்க."

"சின்னப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சே?"

"ஆமாமா, காய்ச்சல்ல கெடந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டி, ரத்தம் நல்லா இருக்குனு சொல்லிட்டாங்களாம். அதான் அவங்க பயப்படல."

"போகும்போது நல்லா இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "தூக்கிட்டுத்தான் போனாங்க. சின்னப் பிள்ளைனா தூக்கிட்டுத்தானே போவாங்க?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க யாருமா, சொந்தமா?" என்று கேட்டார்.

கணவர்தான் ஏதோ சொல்லி என்னைக் காருக்குக் கூட்டிவந்தார்.

பிழைக்கான இறுதி அறிக்கையை எங்கள் கம்பெனி கேட்டது. காரணம், திருத்தம், சோதனை என்று மூன்று பக்கம் எழுதினேன். என் மகளைப் பற்றி எழுதினேன். அந்தச் சின்னப் பிள்ளையைப் பற்றி எழுதவில்லை. சரிசெய்தாகிவிட்டது, தெரியாததை ஏன் எழுத வேண்டும் என்று முதலாளி கேட்டார். நானும் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மகளுக்குப் பன்னிரண்டு முடிந்ததும் ஐசி எடுக்கக் கூட்டிப்போனேன். கட்டை விரலில் மை வைத்து அழுத்தினார்கள். அவள் சிரித்துக்கொண்டே மை விரலை என் மூக்கில் வைக்க வந்தாள். நான் அவள் விரலைப் பிடித்துப் பார்த்தேன். இப்போதும் அவள் பல் தேய்த்துவிட்டு வந்தால் பிரஷ்ஷை எடுத்துப் பார்க்கிறேன். அவளுக்கு அது எரிச்சல்.

பதிவேட்டிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து வைத்திருக்கிறேன். அதில் அந்த அம்மாவின் எண்ணும் ஏழு நேரங்களும் இருக்கின்றன. அது என் ஐசி உறைக்குள், அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. எந்தக் கவுண்டரிலாவது அட்டையைக் கேட்டு நான் எடுத்துக் கொடுக்கும்போது, அதுவும் சில சமயம் கூடவே வந்து மேசையில் விழும். நான் அதை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.